இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

என் அக்காவுக்குத் துணிச்சல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மாமா இறந்த பிறகு படாளத்தில் இருக்கிற இரண்டு ஏக்கர் நிலத்தைப் பத்து வருடமாகத் தனி ஆளாகப் பயிர் வைக்கிறாள். நெல் வாங்க வருகிற வியாபாரி எடையில் கை வைத்தால் வரப்பிலேயே நிற்க வைத்து நாறடித்துவிடுவாள். அவளுடைய ஒரே மகன் வடநாட்டுக்கு லாரி ஓட்டுகிறான். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வந்து, துணி துவைத்துக் காயவைத்து எடுத்துக்கொண்டு போவான். அவனுக்காக அவள் எந்த வேலையையும் நிறுத்தி வைத்ததில்லை.

ஆனால் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் ஊர் அம்மனைக் கேட்காமல் நகரமாட்டாள். கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரே அளவில் இரண்டு காகிதத் துண்டு எடுத்து, ஒன்றில் வெள்ளைப் பூவும் ஒன்றில் சிவப்புப் பூவும் வைத்து மடித்து நூல் சுற்ற வேண்டும். எதில் எது என்று தெரியாதபடி குலுக்கி அம்மன் காலடியில் போட வேண்டும். பிறகு மனதில் நினைத்துக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. பூ கட்டிப் பார்ப்பது என்று சொல்வோம். பெண் கொடுப்பதிலிருந்து போர்வெல் போடுவது வரைக்கும் இப்படிப் பார்க்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய.

மாமாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் செய்தபோது மட்டும் அக்கா கேட்கவில்லை. கேட்க நேரம் இல்லை. வலியில் துடித்தவரை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினோம். நான்காம் நாள் போய்விட்டார். கேட்காமல் போனதால்தான் என்று அக்கா அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். அதைப் பற்றி அவளிடம் யாரும் பேச முடியாது.

அதனால்தான், போன வருடம் அவள் கழுத்தில் இருந்த கட்டியிலிருந்து ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதித்துவிட்டு, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்களை உட்காரச் சொன்னபோது, எனக்கு நோயைவிட அம்மனைப் பற்றித்தான் பயம் வந்தது. தைராய்டில் புற்றுநோய், ஆனால் இந்த வகை சாதுவானது, ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டால் பயமில்லை, விட்டுவிட்டால் பரவும் என்று டாக்டர் சொன்னார். குரலுக்குப் போகிற நரம்பு பக்கத்திலேயே இருப்பதால் குரல் கொஞ்சம் மாறலாம் என்றும் சொன்னார்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, "அம்மாவ கேட்டுட்டு வந்து சொல்றேன் சார்" என்றாள்.

"உங்க அம்மா கூட வரலையா?"

"அவ எங்க வருவா, நாமதான் போவணும். எங்க ஊரு கோயில்ல கீறா."

டாக்டருக்கு இது முதல் தடவை இல்லை போலிருக்கிறது. பேனாவை மூடிக்கொண்டே, "சீக்கிரம் கேட்டுட்டு வாங்க" என்றார்.

வெளியே வந்ததும் நான், "செவப்பு வந்தா?" என்று கேட்டேன்.

"வந்தா வுட்ர்றதுதான். அவ வாணான்னா நான் ஏன் போயி கழுத்த நீட்டணும்?" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். முகத்தில் ஒரு கலவரமும் இல்லை.

இந்த இடத்தில் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. இதை எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது. நாற்பத்தெட்டு வயதில் இதை என் கையால் எழுதுவது இதுதான் முதல் தடவை. கோபப்பட்டுச் சாமியை விட்டவள் இல்லை நான். ஏமாந்து விட்டவளும் இல்லை. பத்தாவது படிக்கிறபோதோ அதற்குப் பிறகோ, கும்பிட நின்றால் எதிரில் யாரும் இல்லை என்று தோன்ற ஆரம்பித்தது. அவ்வளவுதான். பிறகு அந்த இடம் நிறையவே இல்லை.

வெளியே சொல்லவில்லை. காரணம் என் வீட்டுக்காரர். அவர் ஊரறிந்த நாத்திகர். மாமல்லபுரத்தில் குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறார். சிற்பப் பட்டறைகளில் முடிந்த சிலைகளை வைக்கோல் போட்டுக் கட்டி, எந்த ஊர்க் கோயிலுக்கு வேண்டுமோ அங்கே கொண்டுபோய் இறக்குவார். "என் வண்டி ஸ்டார்ட் ஆனாதான் அவருக்குக் கும்பாபிஷேகம்" என்பார். பகுத்தறிவுக் கூட்டம் இருக்கிற நாட்களில் கறுப்புச் சட்டை. புரட்டாசி மாதம் முழுக்க வீட்டில் மீன்தான். அந்த மாதம் கடற்கரையில் மீன் மலிவு. "இதுக்காகவாவது பெருமாளுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லணும்" என்று சிரித்துக்கொண்டே வஞ்சிரம் வாங்கி வருவார்.

அவரைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் விளக்கேற்றுகிற ஆள் நான் என்று ஆகிவிட்டது. இரண்டு பக்கத்துச் சொந்தமும், "அவன்தான் அப்படி, நீயாவது வெள்ளிக்கிழமை வெளக்கு வையி" என்றார்கள். வைத்தேன். இல்லை, எனக்கும் நம்பிக்கை இல்லை என்று சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவர் சந்தோஷத்தில் என்னை மேடையில் ஏற்றிவிடுவார். நாலு பேர் எதிரில் பெயரைச் சொல்லவே நாக்கு ஒட்டிக்கொள்கிறவள் நான். மேடைக்குப் பயந்து விளக்கேற்றினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அக்கா மாதம் ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வருவாள். அவளும் அவரும் ஒரே நேரத்தில் சாப்பிட உட்கார்ந்தால் சத்தம் தெரு வரைக்கும் கேட்கும். "தம்பி, சாவற நேரத்துல அம்மான்னு கூப்புடத்தான் போற" என்பாள் அவள். "அப்ப எங்க அம்மாவதான் கூப்புடுவேன். உங்க அம்மா லைன்ல கூட்டமா இருக்கும்" என்பார் அவர். இரண்டு பேரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். இரண்டு பேருக்கும் படுத்த உடனே தூக்கம் வரும். நான் இரண்டு பேருக்கும் சோறு போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன். நம்புகிறவர் சந்தோஷமாக இருப்பாரா, நம்பாதவரா என்று யாராவது கேட்டால் என் வீட்டுக்கு வந்து பார்க்கலாம். அந்த இரண்டு பேரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். எனக்குத்தான் எதிலும் உட்கார முடியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் படாளம் போனேன். மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை பார்க்கிறேன். போர்வைகளையும் தலையணை உறைகளையும் இஸ்திரி மெஷினில் விட்டு எடுக்கிற வேலை. ஓரங்களைச் சரியாகச் சேர்த்து மடித்து மடித்து, என் கை எதை மடித்தாலும் அளவு பிசகாது. அக்காவுக்கு அது தெரியும். கோயிலில் என் கையில் செய்தித்தாள் துண்டுகளைக் கொடுத்து, "நீயே கட்டு. உன் கைதான் சுத்தம். ரெண்டும் ஒண்ணு போல இருக்கும்" என்றாள். ஒரு சின்னக் கூடையில் நந்தியாவட்டைப் பூவும் செவ்வரளியும் வைத்திருந்தாள்.

கோயில் சின்னது. பூசாரியும் நாங்களும் மட்டும்தான். நான் தூணுக்குப் பின்னால், கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் காகிதத்தில் வெள்ளை வைத்து மடித்தேன். இரண்டாவது காகிதத்தை விரித்தேன். சிவப்புப் பூவைக் கையில் எடுத்தேன். திட்டம் போட்டுச் செய்யவில்லை. பாதிக்குப் பாதி என்று மட்டும் நினைத்தேன். அக்காவின் உயிர் பாதிக்குப் பாதி. அரளியைப் புடவை மடிப்பில் செருகிக்கொண்டு இன்னொரு நந்தியாவட்டையை வைத்து மடித்துவிட்டேன்.

பொதுவாகச் சின்னப் பிள்ளைகளை எடுக்கச் சொல்வார்கள். அன்று யாரும் இல்லாததால் அக்காவே எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். உதடு அசைந்தது. குனிந்து ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

வெள்ளைப் பூவைப் பார்த்ததும் அவள் முகம் மாறியதை என்னால் சொல்ல முடியவில்லை. கல்யாணமான புதிதில் மாமாவோடு வந்து இறங்கியபோது பார்த்த முகம் அது. "அம்மா சொல்லிட்டாடி" என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் கீழே கிடந்த இன்னொரு பொட்டலத்தை எடுக்கக் குனிந்தேன். பூசாரி பார்த்துக்கொண்டே இருந்தார். "அத்தயும் பிரிச்சிக் காட்டேம்மா" என்றார்.

நான் பொட்டலத்தை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டேன். அக்காதான் திரும்பினாள். "எதுக்கு? அவ சொன்னதுக்கு மேல ஒரு சாட்சி வேணுமா உனக்கு? இத்தினி வருசம் மணியாட்டி இன்னா பிரயோசனம்?" என்று அவரை ஒரு பிடி பிடித்தாள். பூசாரி திருநீற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்று செங்கல்பட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில், மாமண்டூர் தாண்டியதும், அந்தப் பொட்டலத்தையும் மடியிலிருந்த அரளியையும் ஜன்னல் வழியாக எறிந்தேன். எறிந்துவிட்டு யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

ஆபரேஷன் அன்றைக்கு அக்கா கல்யாணத்துக்குப் போகிறவள் போல உள்ளே போனாள். ஸ்ட்ரெச்சரைத் தள்ளுகிற ஆளிடம் அவன் ஊர் எது, கட்டின பெண்டாட்டி ஊர் எது என்று விசாரித்துக்கொண்டே போனாள். வெளியே என் வீட்டுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து போண்டா தின்றார். "டாக்டருக்கு இது டெய்லி வேல. நீ ஏன் பூன மாதிரி சுத்திகினு கீற? உக்காரு" என்றார். அக்காவுக்கு அம்மன் இருந்தாள். அவருக்கு டாக்டர் இருந்தார். எனக்கு ஒருவரும் இல்லை. உள்ளே ஏதாவது ஆகிவிட்டால் அது அம்மன் செயல் இல்லை, விதி இல்லை, நான் செய்தது. அந்த நான்கு மணி நேரமும் தாழ்வாரத்தில் சுவர் ஓரமாக நடந்துகொண்டே இருந்தேன்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. குரல்தான் போயிற்று.

முழுவதும் போகவில்லை. காற்று மாதிரி, தகரத்தில் மணல் உரசுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. சில மாதத்தில் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார்கள். இந்தக் கொல்லையிலிருந்து அந்தக் கொல்லைக்குக் கூப்பிட்டால் ஆடு நின்று திரும்பிப் பார்க்கும், அப்படி ஒரு குரல் அக்காவுக்கு. இப்போது ஆட்டை ஓட்டக் கையைத் தட்டினாள்.

அவளைப் பார்க்கப் போகிறபோதெல்லாம் எனக்குத்தான் குற்றமாக இருக்கும். அவளுக்கு ஒன்றுமில்லை. "எங்கயோ ஒரு அடி வுழணும்னு இருந்திச்சி. கொரலோட வுட்டுட்டா பாரு" என்று அந்தத் தகரக் குரலில் பெருமையாகச் சொன்னாள். வருகிறவர்களிடமெல்லாம் வெள்ளைப் பூ வந்த கதையைச் சொன்னாள். சொல்லும்போது என்னைக் காட்டி, "இவதான் கட்டினா" என்பாள். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி தன் மகள் பிரசவத்துக்கு என்னையே பூ கட்டித் தரச் சொல்லிக் கேட்டாள். வேலைக்கு நேரமாகிறது என்று ஓடி வந்துவிட்டேன்.

இந்த ஊரில் கை ராசிக்காரி ஆகிவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

என் வீட்டுக்காரரிடம் சொன்னது ஈ.சி.ஆர். சாலையில், ஒரு பகல் வேளையில். கோவளம் பக்கம் ஒரு சிலையை இறக்கிவிட்டு வெறும் வண்டியில் வந்துகொண்டிருந்தோம். எனக்கு லீவு நாள், கூடப் போயிருந்தேன். அவர் ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டுலயும் வெள்ளதான் வெச்சேன்" என்றேன்.

புரிய நேரம் ஆயிற்று. புரிந்ததும் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டுச் சிரித்தார் பாருங்கள், ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். "அடிப்பாவி! நாங்க மைக்கு கட்டி வருசக்கணக்கா பேசறோம். நீ ஒரு பூவுல முடிச்சிட்டியே!"

பிறகு சட்டென்று நிறுத்தினார். "அப்ப உனுக்கும் நம்பிக்க இல்லையா?"

"இல்ல."

"எப்பத்துலர்ந்து?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே."

"அப்ப வெள்ளிக்கெழம வெளக்கு?"

"யாராவது வைக்கணும்ல."

அவர் முகம் விழுந்துவிட்டது. அவர் சந்தோஷப்படுவார், தோழர்களுக்கெல்லாம் போன் போடுவார் என்றுதான் இத்தனை வருடம் பயந்தேன். அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, "இருவத்திரெண்டு வருசம். எங்கிட்ட கூட சொல்லல" என்றார். "நான் ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் உன்ன கிண்டல் பண்ணிகினு இருந்தனே, அப்பல்லாம் நீ இன்னா நெனச்சிகினு இருந்த?"

அவரைத் தனியாக விளையாட விட்டிருந்தேன் என்று அன்றுதான் தெரிந்தது.

வண்டி கிளம்பிக் கொஞ்சம் தூரம் போனதும் கேட்டேன், "அக்காகிட்ட சொல்லிடவா?"

"பைத்தியமா உனுக்கு? வாயத் தொறக்காத. அவங்க நிம்மதியா கீறாங்க."

"நீங்க மட்டும் ஊருக்கெல்லாம் சொல்றீங்க."

"ஊரு வேற, அக்கா வேற" என்றார். அதற்கு மேல் பாட்டு முணுமுணுக்கவில்லை.

நானும் வாயைத் திறந்திருக்கமாட்டேன். ஆனால் ஆபரேஷன் முடிந்த நான்காம் மாதம் டாக்டர் அடுத்த சிகிச்சையைச் சொன்னார். மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டிருப்பதை அழிக்க ஒரு மருந்து. அதைச் சாப்பிட்டால் உடம்பிலிருந்து கதிர்வீச்சு வரும். அதனால் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் மூன்று நாள் தனி அறையில் இருக்க வேண்டும். யாரும் உள்ளே போகக் கூடாது. இதைச் செய்துவிட்டால் நல்லது என்றார்.

அக்கா டாக்டர் எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்து, "வெள்ளிக்கெழம வந்துடு. உன் கையாலயே கட்டு" என்றாள்.

அந்த வாரம் முழுக்க மெஷினில் போர்வை கோணலாகப் போயிற்று. சூப்பர்வைசர் அம்மா இரண்டு தடவை சத்தம் போட்டாள். மறுபடியும் இரண்டு வெள்ளை வைக்கலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் ஸ்கேன் எடுக்க, மாத்திரையை மாற்ற, அதற்குப் பிறகு எதெதற்கோ, அவள் சாகிற வரைக்கும் அம்மனாக நான் பூ கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நம்பாத ஒருத்தி அந்த வேலையைப் பார்ப்பது எனக்குத் தாங்கவில்லை. உண்மையாகக் கட்டி, சிவப்பு வந்துவிட்டால் அதுவும் தாங்காது.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து நாலு உரித்தேன். சொல்லிவிட்டேன். மூன்று வாக்கியம்தான் இருந்தது. தலை நிமிரவில்லை.

அக்காவின் கை நின்றது. நான் எதிர்பார்த்தது எதையும் அவள் கேட்கவில்லை.

"அந்த இன்னொரு பொட்டலத்த இன்னா பண்ண?"

"பஸ்ஸுலர்ந்து போட்டுட்டேன்."

"எங்க?"

"மாமண்டூர் தாண்டி."

"ரோட்டுலயா?" குரல் உடைந்து காற்றாக வந்தது. "சாமி எதுர்ல வெச்ச பூவ, லாரி ஏர்ற ரோட்டுல போட்டியா? இன்னும் கொஞ்ச தூரம் போனா பாலாறு வருதேடி. அதுலயாவது போடத் தோணலையா உனுக்கு?"

நான் அழுதேன். அவள் அழவில்லை. முறத்தை எடுத்து ஒருமுறை புடைத்தாள், கீழே வைத்தாள். "அன்னிக்கி நான் எவ்ளோ நேரம் கண்ண மூடிகினு நின்னேன். நீ பாத்துகினுதான இருந்த?" என்றாள். "அவ வாணாம்னு சொல்லிருந்தா கூட பரவால்ல. நீ என்னாண்ட வந்து, அக்கா, நீ செத்துட்டா எனுக்கு யாரும் இல்ல, போய் பண்ணிகினு வான்னு கேட்டிருந்தா நான் போயிருப்பனா மாட்டனா? அத கேக்கத் தெரில உனுக்கு. அம்மா மேல பழிய போட்ட."

அது எனக்குத் தோன்றவே இல்லை. என் வாயால் கேட்கலாம் என்று உண்மையிலேயே தோன்றவில்லை.

"கெளம்பு. பஸ்ஸு வந்துரும்" என்றாள்.

பதினெட்டு நாள் பேசவில்லை. நான் போன் செய்தால் எடுக்கவில்லை. சிகிச்சைக்குச் சொன்ன தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "சொன்னா கேக்கறியா நீ?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பிறகு தானே படாளம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நன்றாக இருக்கிறாளா என்று கேட்டேன். "சாப்ட்டியான்னு கேட்டாங்க. சண்ட போடல" என்றார். அவர்கள் இரண்டு பேரும் சந்தித்து, சண்டை போடாத நாள் ஒன்று உண்டா?

பத்தொன்பதாம் நாள் அவளே கூப்பிட்டாள். ஓட்டலில் மெஷின் சத்தத்தில் அவள் குரல் கேட்கவில்லை. பின்பக்கம், கடல் தெரிகிற மதில் ஓரம் ஓடினேன்.

"பூசாரிய கட்டச் சொல்லி எடுத்தேன்" என்றாள். "செவப்பு."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஆனா போறேன். தம்பிய வண்டி எடுத்துகினு வரச் சொல்லு."

"ஏன்க்கா?"

"தெரில. போன தபா இன்னா வந்திருக்கும்னு நெனச்சி நெனச்சி தூக்கமே வர்ல. அன்னிக்கும் செவப்பா இருந்திருந்தா? நான் உசுரோடதான கீறேன். இப்ப அவ வாணாம்ன்றா, நான் போறேன்ன்றேன். இப்டி ஒரு நாளும் நான் பண்ணதில்ல." பிறகு வெறும் காற்றாக, "பயமா கீதுடி" என்றாள்.

அக்கா பயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. மாமா இறந்தபோதுகூட.

அந்த மூன்று நாளும் அவள் அறையில் கண்ணாடி ஜன்னல் ஒன்றும் போனும் மட்டும்தான். போனை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். சேர்க்கிறபோது, சாமி படம் கொண்டுபோகலாமா என்று நான் நர்சிடம் கேட்டேன். கொண்டுபோகலாம், ஆனால் வெளியே வரும்போது சோதித்துப் பார்த்து, கதிர் ஒட்டியிருந்தால் இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்றாள். அக்கா யோசித்தாள். "வாணாம். அவள இங்க வுட்டுட்டு வர முடியாது" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீ போன எடுப்பல்ல?" என்றாள்.

எடுத்தேன். அவள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கூப்பிட்டாள். பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. "உம்" என்பேன், "அப்புறம்" என்பேன். "நீதான் பேசணும். எனுக்கு தொண்ட வலிக்குது" என்பாள். என்ன பேசுவது என்று தெரியாமல் அன்றைக்கு மெஷினில் எத்தனை போர்வை போட்டேன், எந்த அறைப் போர்வையில் டீ கொட்டியிருந்தது என்று சொன்னேன். கேட்டுக்கொண்டாள். இரண்டாம் நாள் மதியம், "சாமியும் கும்புட மாட்ட, என்னாண்டயும் பேச மாட்ட. மனசுல கீறதெல்லாம் யார்கிட்டதான் சொல்லுவ நீ?" என்று கேட்டாள்.

"யார்கிட்டயும் இல்லக்கா."

"அதான் இப்டி எலிக்குஞ்சு மாதிரி கீற" என்றாள். சிரித்தாளா இருமினாளா தெரியவில்லை.

"அக்கா, உன் நிம்மதிய நான்தான் கெடுத்துட்டனா?"

"கொஞ்சம்" என்றாள். "முன்ன மாதிரி இல்ல. முன்ன கும்புட்டா எதுர்ல ஆள் நிக்கற மாதிரி இருக்கும். இப்ப, நிக்கறாளா, இல்ல எவளாவது பொட்டலம் கட்டி வெச்சிருக்காளான்னு பாக்கத் தோணுது."

இதைச் சொல்லிவிட்டு, சாப்பாடு வந்துவிட்டது, உப்பே இல்லை என்று போனை வைத்துவிட்டாள்.

நான்காம் நாள் காலை அவளை வெளியே விட்டார்கள். ஒரு வாரத்துக்கு யார் பக்கத்திலும் உட்காரக் கூடாது, கூட்டத்துக்குள் போகக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அதனால் வண்டியின் பின்புறத்தில் பாய் விரித்து, தார்ப்பாய் நிழல் கட்டி அவளை உட்கார வைத்தோம். நாங்கள் முன்னால். நடுவில் ஒரு சின்னக் கண்ணாடி. அதன் வழியாக நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

சிங்கப்பெருமாள் கோயில் என்கிற ஊரில் வண்டிகள் நின்றுவிட்டன. ஷிப்ட் விட்டு வருகிற கம்பெனி பஸ்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. போகும்போதோ திரும்பும்போதோ, கோயிலுக்குப் பிரிகிற தெரு வந்தால், பஸ்ஸில் இருந்தாலும், பேச்சு நடுவில் இருந்தாலும், கையில் பை இருந்தாலும், அக்கா கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்ளாமல் இந்த இடத்தைத் தாண்டியதே இல்லை. அந்தத் தெரு முனையில்தான் நாங்கள் நின்றிருந்தோம். மாலை விற்கிற பெண்கள் வண்டிகளுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

என் வீட்டுக்காரரும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரல் ஸ்டியரிங்கில் தட்டுவதை நிறுத்தியிருந்தது.

அக்கா அந்தத் தெருவைப் பார்த்தாள். இரண்டு கையும் மடியிலேயே இருந்தன. பிறகு திரும்பி, கண்ணாடி வழியாக, நான் பார்க்கிறேனா என்று என்னைப் பார்த்தாள். யார் பார்க்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கும்பிடுகிற ஆள் இல்லை அவள்.

நான் முன்பக்கம் திரும்பி, ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். பஸ் நகர்ந்தது. அவர் கியர் போட்டார். செங்கல்பட்டு வரும் வரைக்கும் நான் பின்னால் திரும்பவே இல்லை.